எரிமலை மேகத்தை லேப்டாப்பில் ஓட்டிப் பார்ப்பது எப்படி?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி பக்கம் இயற்பியல் முதுகலை படிக்கிற பிள்ளைகளிடம் ப்ராஜெக்ட் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் மெல்லிய படலம், நானோ துகள் என்றுதான் பதில் வரும். வளிமண்டலம் பக்கம் யாரும் வருவதில்லை. அதிலும் எரிமலை, ஸ்ட்ராடோஸ்பியர் (மழை மேகங்களுக்கும் மேலே உள்ள காற்றடுக்கு) என்றால் சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டும், வெளிநாட்டு ஆய்வகம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தலைப்பையே தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப், இலவசமாகக் கிடைக்கிற காற்றுத் தரவு, கல்லூரியில் சொல்லிக்கொடுத்த அளவு பைத்தான், இவ்வளவு இருந்தால் போதும். 1991இல் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்து, அதன் மேகம் மூன்று வாரத்தில் பூமியைச் சுற்றி வந்ததை உங்கள் திரையிலேயே கொண்டுவந்துவிடலாம்.

அதை எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், கடைசி வரை இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: துகளை எந்த உயரத்தில் விடுகிறீர்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். நிரல் எவ்வளவு அழகாக எழுதினாலும் உயரம் தவறினால் மேகம் வேறு ஊருக்குப் போய்விடும்.

எது மேலே தங்குகிறது

எரிமலை என்றதும் சாம்பல்தான் கண்முன் வரும். இந்தக் கணக்கில் சாம்பலைச் சேர்க்க வேண்டாம். 10 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள சாம்பல் துகள் ஒன்று 20 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 4 செ.மீ. வேகத்தில் விழும். ஒரு நாளைக்கு மூன்றரை கி.மீ. ஆகிவிட்டது. ஒரு வாரத்துக்குள் அது கீழே இறங்கி மழையோடு மழையாகக் கரைந்துவிடும்.

தங்குவது கந்தக டை ஆக்சைடு. கண்ணுக்குத் தெரியாத இந்த வாயு காற்றிலுள்ள ஹைட்ராக்சிலோடு வினைபுரிந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கந்தக அமிலமாகிறது. அமிலம் நீராவியைச் சேர்த்துக்கொண்டு, முக்கால் பங்கு அமிலமும் கால் பங்கு நீருமாக, அரை மைக்ரோமீட்டர் அளவுள்ள துளிகளாகிறது. இந்தத் துளிகள்தான் நாம் துரத்தப்போகிற ஏரோசால். அவை இருக்கிற உயரத்தில் மழை கிடையாது, கழுவிவிட ஆளில்லை. அதனால்தான் ஓராண்டு, ஈராண்டு என்று தங்கிவிடுகின்றன.

நமக்கு மேலே மழை மேகங்களின் கூரை, அதாவது டிராபோபாஸ், கிட்டத்தட்ட 16 முதல் 17 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. எரிமலையின் புகை 12 கி.மீ.யோடு நின்றுவிட்டால் விமானங்களுக்குத்தான் தொல்லை, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கூரையைத் தாண்டினால்தான் கதையே ஆரம்பிக்கிறது. பினடூபோ 1991 ஜூன் 15 அன்று 15 முதல் 20 மில்லியன் டன் கந்தக டை ஆக்சைடை மேலே தள்ளியது. புகைத்தூணின் உச்சி 35 கி.மீ. வரை போனது.

இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் உச்சி உயரத்தைப் பார்த்துவிட்டு மொத்த வாயுவையும் 35 கி.மீ.யில் விட்டுவிடுகிறார்கள். தூண் தன் வேகத்தில் மேலே எகிறும், ஆனால் சுற்றியுள்ள காற்றைவிடக் கனமாகிவிட்டதால் திரும்பக் கீழே இறங்கிக் குடைபோலப் பரவும். வாயுவில் பெரும்பகுதி அந்தக் குடை விரிகிற உயரத்தில்தான் நிற்கும். பினடூபோவுக்கு 18 முதல் 25 கி.மீ. வரை எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைக்கு மேலே மூன்று காற்று

"சார், கீழ அடிக்கிற மேகாத்துதான மேலயும் அடிக்கும்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி, ஏனென்றால் இந்த வேலையின் ரகசியமே அதற்கான பதிலில் இருக்கிறது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் மேல்காற்று புகுந்து அடிக்கும். கயத்தாறிலிருந்து பணகுடி வரை காற்றாலைகள் எல்லாம் மேற்கே பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில், அதே இடத்தில், 14 முதல் 16 கி.மீ. உயரத்தில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்காக, நொடிக்கு 30 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. பருவமழைக் காலத்துக்கே உரிய கீழைக்காற்று ஜெட் அது. அதையும் தாண்டி 18 கி.மீ.க்கு மேலே போனால் இந்த இரண்டோடும் சம்பந்தமில்லாத மூன்றாவது காற்று. அது பருவத்தைப் பார்த்துத் திசை மாறுவதில்லை. ஓராண்டுக்கு மேல் கிழக்கிலிருந்து அடிக்கும், அப்புறம் ஓராண்டுக்கு மேல் மேற்கிலிருந்து அடிக்கும். ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 28 மாதம். கியூ.பி.ஓ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்தத் திசை மாற்றம் 35 கி.மீ. உயரத்தில் தொடங்கி மாதத்துக்கு ஏறக்குறைய 1 கி.மீ. வீதம் கீழே இறங்கி வரும். ஆகவே ஒரே நாளில் 25 கி.மீ.யில் கீழைக்காற்றும் 20 கி.மீ.யில் மேல்காற்றும் இருப்பது சகஜம். ஐந்து கி.மீ. தவறாக விட்டால் மேகம் எதிர்த்திசையில் போய்விடும்; உயரம்தான் உயிர் என்று சொன்னது இதனால்தான்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் போனால் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. அங்குள்ள ரேடார் மேலே காற்றை அளக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அந்த ரேடார் பார்ப்பது 68 கி.மீ.க்கு மேலே. நமக்கு வேண்டிய உயரத்துக்கு அது உதவாது. பொதிகைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வானிலைத் துறை பறக்கவிடுகிற பலூன்தான் நமக்கு உறவு. நிலைய எண் 43371. நம் நேரப்படி காலை 5:30, மாலை 5:30 என்பதுதான் உலகம் முழுவதும் பலூன் விடுகிற நேரம்; நல்ல நாளில் அது 30 கி.மீ. வரை போய்த்தான் வெடிக்கும். வயோமிங் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் பழைய அளவீடுகளையும் எடுக்கலாம். கியூ.பி.ஓ.வின் நிலை என்ன என்று பார்க்க உலகம் முழுவதும் பயன்படுத்துவது சிங்கப்பூர் பலூன். அதன் மாதச் சராசரி அட்டவணையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னே

ஒரு தாளும் பென்சிலும் எடுத்து கிரகடோவாவைக் கணக்குப் போடுங்கள். 1883 ஆகஸ்ட் 27 அன்று சுந்தா நீரிணையில் அது வெடித்தது. செப்டம்பர் 9ஆம் தேதியை ஒட்டி இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்து எழுதினார்; பிற்பாடு கொடைக்கானல் வான்ஆய்வகத்தை உருவாக்கியவரும் அவர்தான். இந்தத் துறையின் ஆரம்ப காலத் தரவில் நம் வானமும் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கிரகடோவா 105.4 டிகிரி கிழக்கு, சென்னை 80.2 டிகிரி கிழக்கு. மேகம் மேற்கே போனது. நேராக வந்திருந்தால் 25 டிகிரி, அதாவது 2,800 கி.மீ.; ஒரே நாளில் வந்திருக்கும். 13 நாள் கழித்து வந்தது என்றால் ஒரு சுற்று முடித்துவிட்டு வந்திருக்கிறது: 385 டிகிரி. இந்த அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 110.5 கி.மீ. போட்டால் 42,500 கி.மீ. அதை 13 நாளால் வகுத்தால் நாளைக்கு 3,270 கி.மீ., நொடிக்கு 38 மீட்டர் கிழக்குக் காற்று. கியூ.பி.ஓ. என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் ஒரு எரிமலை அதை அளந்து காட்டியிருக்கிறது. பினடூபோவுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 15 டிகிரி வடக்கில் பூமியின் சுற்றளவு 38,700 கி.மீ., சுற்றி வர ஆனது 22 நாள், வேகம் நொடிக்கு 20 மீட்டர். அந்த வேகத்தில் 120 டிகிரியிலிருந்து நம் நெல்லையின் 77.7 டிகிரிக்கு வர இரண்டரை நாளுக்குச் சற்று மேல். உங்கள் நிரல் ஓடி முடித்ததும் வருகிற விடை இதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இந்தத் தாள்.

தரவு

ஐரோப்பிய வானிலை மையத்தின் ஈ.ஆர்.ஏ.5 என்ற மறுபகுப்பாய்வுத் தரவுதான், அதாவது பழைய அளவீடுகளை வானிலை மாதிரியோடு சேர்த்துத் திரும்பக் கணக்கிட்ட தரவுதான், இதற்குச் சரி. 1940 முதல் இன்றுவரை, மணிக்கொரு முறை, உலகம் முழுவதும் காற்று, வெப்பநிலை எல்லாம் இருக்கிறது. கோப்பர்நிகஸ் காலநிலைத் தரவுக் கிடங்கில் இலவசமாகக் கணக்குத் தொடங்கி, உரிம ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டால் இறக்கலாம். ஏற்க மறந்தால் எத்தனை முறை கேட்டாலும் மறுப்புதான் வரும்.

என்ன கேட்க வேண்டும்? 100, 70, 50, 30, 20, 10 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டங்கள். உயரத்தில் சொன்னால் 70 என்பது 18.5 கி.மீ., 50 என்பது 20.5, 30 என்பது 24, 10 என்பது 31 கி.மீ.; எல்லாம் தோராயம்தான். கிழக்கு-மேற்குக் காற்று, வடக்கு-தெற்குக் காற்று, வெப்பநிலை என்று மூன்று மாறிகள் போதும். ஆறு மணிக்கு ஒரு முறை, 1991 ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை. பைத்தான் வழியாகக் கேட்கும்போது கட்ட இடைவெளியை 2.5 டிகிரி என்று எழுதுங்கள். மொத்தமும் 150 எம்பிக்குள் அடங்கிவிடும், செல்போன் ஹாட்ஸ்பாட்டிலேயே இறக்கலாம். அப்படியே முழு நுணுக்கத்தில், கால் டிகிரி இடைவெளியில் கேட்டால் இதைப்போல 100 மடங்கு வரும். முதல் ஓட்டத்துக்கு அது தேவையே இல்லை. ஸ்ட்ராடோஸ்பியரில் காற்று பெரிய பெரிய அளவில்தான் வளைகிறது, 2.5 டிகிரி அதைப் பிடித்துவிடும்.

இறக்கியதும் நிரலுக்குள் போகாதீர்கள். முதலில் 15 டிகிரி வடக்கில் கிழக்கு-மேற்குக் காற்றை உயரத்துக்கு உயரம் ஒரு படமாகப் போடுங்கள். எந்த மட்டத்தில் திசை மாறுகிறது, எங்கே நொடிக்கு 20 மீட்டர் கிழக்குக் காற்று இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். அடுத்து திருவனந்தபுரத்துக்கு மேலே உள்ள காற்றையும் அதேபோலப் படமாகப் போட்டு, 43371 பலூனின் அளவீட்டை, பலூன் எட்டிய உயரம் வரை, அந்தப் படத்தில் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் தரவை நம்பலாம். தலைகீழாக இருந்தால் அடையாளக் குறியையோ மட்டங்களின் வரிசையையோ மாற்றிப் படித்திருக்கிறீர்கள்.

நிரல்

வார்த்தையிலேயே சொல்கிறேன், எழுதுவது கஷ்டமில்லை. 10,000 துகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்: தீர்க்கரேகை, அட்சரேகை, மட்டம். தொடக்க இடம் 15.1 டிகிரி வடக்கு, 120.35 டிகிரி கிழக்கு. ஆனால் எல்லாத் துகளையும் ஒரே புள்ளியில் வைக்காதீர்கள். குடை சில மணி நேரத்திலேயே பல நூறு கி.மீ. விரிந்துவிட்டது, அதனால் 300 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் தூவுங்கள். பெரிய வெடிப்பு அங்குள்ள நேரப்படி பகல் 1:42க்குத் தொடங்கியது, நம் நேரத்துக்குக் காலை 11:12, கிரீன்விச் நேரத்துக்கு 5:42. தரவு கிரீன்விச் நேரத்தில் இருக்கும். ஏறக்குறைய 9 மணி நேரம் நீடித்ததால் துகள்களையும் அந்த 9 மணி நேரத்துக்குப் பிரித்து விடலாம்.

நகர்த்துவது எளிது. துகள் இருக்கிற இடத்தில், அந்த நேரத்தில், அந்த மட்டத்தில் காற்று எவ்வளவு என்று சுற்றியுள்ள கட்டங்களிலிருந்து இடைமதிப்பு எடுங்கள். கிழக்கு-மேற்குக் காற்றை நேர இடைவெளியால் பெருக்கி, பூமியின் ஆரத்தாலும் அட்சரேகையின் கொசைனாலும் வகுத்தால் தீர்க்கரேகை எவ்வளவு மாறியது என்று ரேடியனில் கிடைக்கும். வடக்கு-தெற்குக் காற்றுக்குக் கொசைன் வேண்டாம். நேர இடைவெளி 30 நிமிடம். நொடிக்கு 40 மீட்டர் காற்றிலும் துகள் 72 கி.மீ.தான் நகரும், கட்டத்தின் அகலம் 278 கி.மீ., ஆகவே போதும். ஒரே எட்டில் நகர்த்தாமல் நான்காம் வரிசை ருங்கே-குட்டா முறையை (ஒரே எட்டுக்குள் நான்கு முறை காற்றைப் பார்த்துச் சராசரி எடுப்பது) எழுதுங்கள். எல்லாத் துகளையும் ஒரே வரிசையாக வைத்து பைத்தானின் நம்பை (NumPy) நூலகத்தில் ஒன்றாகக் கணக்கிட்டால் ஒரு மாத ஓட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். துகளுக்குத் துகள் லூப் போட்டால் ராத்திரி முழுக்க ஓடும்.

எல்லோரும் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறது. தீர்க்கரேகை 0இல் தொடங்கி 357.5இல் முடியும். அதற்கும் 360க்கும் நடுவே துகள் வந்ததும் இடைமதிப்பு எடுக்கிற நிரல் பிழை காட்டும், அல்லது அதைவிட மோசமாக, பிழை காட்டாமல் துகளைத் தொலைத்துவிடும். 0 டிகிரியின் வரிசையை அப்படியே பிரதி எடுத்து 360 என்று கடைசியில் ஒட்டிவிடுங்கள். துகள் 360ஐத் தாண்டினாலோ 0க்குக் கீழே போனாலோ மீதியை மட்டும் எடுங்கள். துருவங்களுக்குப் பக்கத்தில் கொசைன் பூஜ்ஜியத்தை நெருங்குவதால் இன்னொரு சிக்கல் உண்டு, ஆனால் முதல் மாதத்தில் பினடூபோ மேகம் அங்கே போகாது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் கலக்கம். கட்டத்துக்குள் அடங்காத சின்னச் சின்ன அசைவுகளுக்காக ஒவ்வொரு எட்டிலும் துகளுக்கு ஒரு தற்செயல் உதறல் கொடுக்க வேண்டும். ஃபிளெக்ஸ்பார்ட் என்ற பெயர்பெற்ற துகள் மாதிரி ஸ்ட்ராடோஸ்பியரில் செங்குத்துக் கலக்கத்துக்கு நொடிக்கு 0.1 சதுர மீட்டர் என்ற எண்ணை வைத்திருக்கிறது. ஒரு மாதத்தில் அது துகளை 720 மீட்டர் அளவுக்குத்தான் மேலேயோ கீழேயோ தள்ளும். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு மட்டங்களுக்கு நடுவே காற்றின் வேகம் நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசப்பட்டால் ஒரு நாளில் இரண்டு துகள்களும் 864 கி.மீ. விலகிவிடும், மூன்று வாரத்தில் 18,000 கி.மீ. மேகத்தை உலகம் சுற்றிய பட்டையாக இழுப்பது இந்த வேக வித்தியாசம்தான்; கலக்கம் துகளை மட்டம் மாற்றி வைக்கிறது, மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. இதை நேரில் பார்க்க, 20 கி.மீ.யில் விட்ட துகள்களுக்கு ஒரு நிறமும் 25 கி.மீ.யில் விட்டவற்றுக்கு வேறு நிறமும் கொடுத்து வரைபடத்தில் ஓடவிடுங்கள். இரண்டு நாளிலேயே இரண்டும் பிரிந்து போவது தெரியும்.

நம்புவதற்கு முன் சோதனை

படம் அழகாக வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உண்மைக் காற்றை எடுத்துவிட்டு, பூமி முழுதும் 22 நாளில் 360 டிகிரி சுற்றுகிற ஒரு செயற்கைக் காற்றை வையுங்கள், உதறலை நிறுத்துங்கள். 22ஆம் நாள் எல்லாத் துகளும் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். அடுத்து உண்மைக் காற்றிலேயே 10 நாள் முன்னோக்கி ஓட்டி, நேரத்தைத் திருப்பி 10 நாள் பின்னோக்கி ஓட்டுங்கள். எரிமலைக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தால் சரி. ஓட்டத்தின் முடிவில் துகள் எண்ணிக்கை குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

இன்னொன்று, துகள்களைக் கட்டம் கட்டமாக எண்ணி அடர்த்திப் படம் போடும்போது பரப்பால் வகுக்க வேண்டும். 60 டிகிரியில் ஒரு கட்டத்தின் பரப்பு பூமத்தியரேகையில் உள்ளதில் பாதிதான். வகுக்காமல் விட்டால் வடக்கே மேகம் மெலிந்துவிட்டதாகத் தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

வாயு துளியாவதும், துளி விழுவதும்

முதல் ஓட்டம் சரியாக வந்த பிறகே இதற்கு வாருங்கள். ஒவ்வொரு துகளுக்கும் நிறை என்று நான்காவது எண்ணைக் கொடுங்கள். கந்தக டை ஆக்சைடு 35 நாளில் 37 சதவீதமாகக் குறையும் என்று வைத்து அடுக்குக்குறிச் சிதைவாக எழுதினால் போதும். 22ஆம் நாள், மேகம் ஒரு சுற்று முடிக்கும்போது, பாதிக்கு மேல் இன்னும் வாயுவாகவே இருக்கும். குறைந்த வாயு அப்படியே துளிக்கணக்கில் சேர வேண்டும், ஆனால் அதே நிறையில் அல்ல: 64 கிராம் வாயு 98 கிராம் அமிலமாகிறது, நீரையும் சேர்த்தால் 131 கிராம். இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். 15 மில்லியன் டன் வாயு 30 மில்லியன் டன் துளியாகும். பினடூபோவுக்குச் சொல்லப்படுகிற ஏரோசால் அளவும் ஏறக்குறைய அதுதான்.

விழும் வேகத்துக்கு ஸ்டோக்ஸ் சமன்பாடு. அதை மட்டும் போட்டால் விடை மூன்று, நான்கு மடங்கு குறைவாக வரும், ஏனென்றால் அந்த உயரத்தில் ஒரு காற்று மூலக்கூறு இன்னொன்றோடு மோதாமல் போகிற தூரம் துளியின் ஆரத்தையே தாண்டிவிடுகிறது, துளி நடுவே நழுவிப்போகிறது. கன்னிங்ஹாம் திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 20 கி.மீ.யில் அரை மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துளி நாளைக்கு 20 மீட்டர் விழும், 0.1 மைக்ரோமீட்டர் துளி நாளைக்கு மூன்றரை மீட்டர்தான்.

வெப்பமண்டல ஸ்ட்ராடோஸ்பியரில் காற்று மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது, நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் என்ற கணக்கில். நாளைக்கு 26 மீட்டர்! துளி விழுவது 20, காற்று தூக்குவது 26. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான். துளி விழுந்துகொண்டேதான் இருக்கிறது, ஆனால் இறங்குவதில்லை. பூமத்தியரேகைக்கு இருபுறமும் அது ஒரு குளத்துத் தண்ணீர்போலத் தேங்கி நிற்கிறது, குளிர்காலம் எந்த அரைக்கோளத்தில் நடக்கிறதோ அந்தப் பக்கத்து மடை திறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் துருவத்தை நோக்கி வடிகிறது. ஜூனில் வெடித்தால் தெற்கில் குளிர்காலம். கியூ.பி.ஓ.வும் இதில் கை வைக்கும்: கீழைக்காற்று நிலையில் மேகம் வெப்பமண்டலத்துக்குள்ளேயே அதிகம் தேங்கும், மேல்காற்று நிலையில் கீழ் மட்டங்களில் துருவப்பக்கம் சீக்கிரம் கசியும்.

இந்த மெதுவான ஏற்றத்தை ஈ.ஆர்.ஏ.5இன் செங்குத்துக் காற்றிலிருந்து நேரடியாக எடுக்காதீர்கள், அதில் இரைச்சல் அதிகம், துகள்கள் தாறுமாறாக மேலும் கீழும் சிதறிவிடும். மாறாக அழுத்த மட்டத்தை விட்டுவிட்டு நிலை வெப்பநிலை (potential temperature, அதாவது காற்றை 1000 ஹெக்டோபாஸ்கலுக்கு அழுத்தினால் அதற்கு வருகிற வெப்பநிலை) மட்டத்துக்கு மாறுங்கள். வெப்பநிலையை எடுத்து, 1000ஐ அழுத்தத்தால் வகுத்து வருவதை 0.286 அடுக்குக்கு உயர்த்திப் பெருக்கினால் கிடைத்துவிடும். நம் அட்சரேகையில் 50 ஹெக்டோபாஸ்கலில் சுமார் 490 கெல்வின், 30இல் 590. ஸ்ட்ராடோஸ்பியரில் காற்று வாரக்கணக்கில் இந்த மட்டங்களை ஒட்டியே வழுக்கிப் போகும். அதன் மேல் ஏற்றத்தையும் விழுதலையும் நீங்களே தனியாகச் சேர்க்கலாம், எது எவ்வளவு வேலை செய்கிறது என்பதும் பிரிந்து தெரியும்.

எங்கே இந்த மாதிரி கைவிடும்

பினடூபோ மேகம் இரண்டு வாரத்துக்குள் பூமத்தியரேகையைத் தாண்டி 10 டிகிரி தெற்கு வரை போனது. உங்கள் ஓட்டத்தில் அவ்வளவு போகாமல் இருக்கலாம், பயப்பட வேண்டாம். மேகம் வெறும் பயணி இல்லை; தரையிலிருந்து வரும் வெப்பக் கதிரையும் சூரிய ஒளியில் கொஞ்சத்தையும் விழுங்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கியது, சில மாதங்களில் 2, 3 டிகிரி வரை. சூடான காற்று ஏறும், ஏறும்போது சுற்றியுள்ள ஓட்டத்தையே மாற்றும். நாம் செய்வதில் காற்று மேகத்தை நகர்த்துகிறது, மேகம் காற்றைத் தொடுவதில்லை. ஈ.ஆர்.ஏ.5இல் அந்த நாட்களின் பலூன், செயற்கைக்கோள் அளவீடுகள் கலந்திருப்பதால் இந்த விளைவு கொஞ்சம் உள்ளே வந்திருக்கும், முழுசாக வராது. முழுசாக வேண்டும் என்றால் அமெரிக்காவின் வாக்கம் போன்ற, வேதியியலும் கதிர்வீச்சும் காற்றும் ஒன்றோடொன்று பேசுகிற பெரிய மாதிரிகள்தான் வழி. ஒரு நடுவழியும் உண்டு: முதல் இரண்டு வாரத்துக்கு ஏற்ற வேகத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று கூட்டி ஓட்டிப் பாருங்கள். எந்த எண்ணுக்கு மேகம் கவனித்த இடத்துக்குப் போகிறது என்று கண்டுபிடித்தாலே ப்ராஜெக்டுக்கு நல்ல ஒரு அத்தியாயம்.

ஒப்பிட்டுப் பார்க்க டாம்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் கந்தக டை ஆக்சைடு வரைபடங்கள் இருக்கின்றன, 1979 முதல் குளோசாக் என்ற ஏரோசால் தொகுப்பும் இருக்கிறது. குளோசாக்கில் 1991இன் கடைசி மாதங்களைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: மேகம் அவ்வளவு அடர்த்தியாக இருந்ததால், ஏரோசால் வழியாக வரும் சூரிய ஒளியைச் செயற்கைக்கோளிலிருந்து அளக்கிற சேஜ் கருவிக்குக் கீழ் மட்டங்களில் ஒளியே கிடைக்கவில்லை, அந்த இடைவெளியை வேறு அளவீடுகளால் நிரப்பியிருக்கிறார்கள்.

நிறையை ஒளியியல் ஆழமாக (மேகம் ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று சொல்லும் எண்) மாற்ற உலகச் சராசரிக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மில்லியன் டன்னில் உள்ள ஏரோசாலை 150ஆல் வகுக்க வேண்டும். 30ஐ வகுத்தால் 0.2 வரும், பினடூபோவில் காணப்பட்ட உச்சம் 0.15 அளவு. துளிகள் பெருத்ததும், உச்சம் வருவதற்குள் கொஞ்சம் விழுந்துவிட்டதும் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். 0.15ஐ 20ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 3 வாட் சூரிய வெப்பம் குறைந்தது என்று ஆகிறது. 1992இல் உலகச் சராசரி வெப்பநிலை அரை டிகிரி இறங்கியது இதனால்தான்.

அடுத்து எதை ஓட்டலாம்

மெக்சிகோவின் எல் சிச்சோன். 17.4 டிகிரி வடக்கு, 93.2 டிகிரி மேற்கு, 1982 ஏப்ரல் 4, சுமார் 7 மில்லியன் டன். அட்சரேகையில் பினடூபோவுக்குப் பக்கம்தான், அதுவும் மூன்று வாரத்தில் மேற்கே சுற்றி வந்தது, ஆனால் மேகம் பெரும்பாலும் வட அரைக்கோளத்திலேயே தங்கிவிட்டது. நிரலில் தேதியையும் இடத்தையும் மட்டும் மாற்றி ஓட்டி, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இந்த வித்தியாசம் உங்கள் மாதிரியிலும் வந்தால் காரணம் காற்றில் இருக்கிறது, வராவிட்டால் மேகத்தின் சூட்டில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்லலாம்.

பாலியின் ஆகுங், 1963. 8.3 டிகிரி தெற்கு; நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அவ்வளவு தூரம் தெற்கே. அதன் மேகம் பெரும்பகுதி தெற்கே போய்விட்டது. செயற்கைக்கோளுக்கு முந்தைய காலம் என்பதால் அந்த ஆண்டின் ஸ்ட்ராடோஸ்பியர் காற்றை ஈ.ஆர்.ஏ.5இல் அவ்வளவு நம்ப முடியாது, சிங்கப்பூர் பலூனோடு ஒப்பிட்டுவிட்டு ஓட்டுங்கள்.

2022 ஜனவரி 15 அன்று வெடித்த ஹுங்கா தோங்காவை எல்லோரும் முதலில் ஓட்ட ஆசைப்படுவார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி 57 கி.மீ. வரை போனது, ஆகவே 10 ஹெக்டோபாஸ்கலோடு நிறுத்தாமல் 1 ஹெக்டோபாஸ்கல் வரை தரவு வேண்டும். கந்தகம் அரை மில்லியன் டன்தான், ஆனால் கூடவே 150 மில்லியன் டன் அளவு நீராவி போனது. நீராவி அவ்வளவு இருந்தால் ஹைட்ராக்சிலும் அதிகம், வாயு துளியாவதும் வேகம். 35 நாள் என்ற எண்ணை அதற்கு வைக்காதீர்கள்.